மசக்கை: கருவிலிருந்து வரும் ஒரு செய்தி

கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரம். கர்ப்பப்பைக்குள் இருக்கும் கரு எள்ளைவிடச் சற்றே பெரியது. வயிறு வெளியே தெரிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அதைச் சுமப்பவளுக்கு உலை கொதிக்கும் வாசனை ஆகவில்லை. தாளிக்கும் சத்தம் கேட்டாலே ஓங்கரிக்கிறது. நேற்றுவரை ஆசையாகச் சாப்பிட்ட மீன் குழம்பு வைத்த சட்டியை இன்று ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

காரைக்கால் போன்ற ஊரில் இந்த வாரங்களைக் கடப்பது கடினம். கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாட்டின் வயல்கள், நடுவே அரசலாறு. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த இந்தச் சிறு மாவட்டத்தில் மீன் இல்லாத அடுப்படி குறைவு. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் கரையில் காயும் கருவாட்டின் வாசனை வீட்டுக்குள் வரும். மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு அந்த வாசனைதான் பிழைப்பு. அவள் கருவுற்றால் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. சித்திரை, வைகாசி வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் உடம்பில் இருக்கும் தண்ணீரும் வியர்வையாக வற்றிப்போகும்.

அவளிடம் ஊர் சொல்வது பெரும்பாலும் இரண்டே வார்த்தைதான். ஒன்று, "எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்க." மற்றது, "நாங்கெல்லாம் நாலு பெத்தோம், நடவுக்குப் போயிட்டுத்தான் வந்தோம்." சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் அறிவியல் கண்டறிந்திருப்பதைப் பார்த்தால் இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மசக்கைக்கு இப்போது பெயர் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைத் தணிக்கும் வழியும் இருக்கிறது.

எத்தனை பேருக்கு, எப்போது

கருவுற்ற பெண்களில் 100க்கு 70 முதல் 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இரண்டுமோ வருகின்றன. நான்காவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒருத்திக்கு 20 வாரத்துக்குப் பிறகும் நீடிக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் அதிகமாக இருப்பது உண்டு. ஆனால் பலருக்குப் பகல் முழுக்க இருக்கும், சிலருக்கு மாலையில்தான் தொடங்கும்.

100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதன் கடுமையான வடிவத்தில் சிக்குகிறார்கள். மருத்துவத்தில் இதற்கு ஹைப்பரெமிசிஸ் கிராவிடாரம் என்று பெயர். மிகை மசக்கை என்று சொல்லலாம். குடித்த தண்ணீரும் தங்காது. கருவுறுவதற்கு முன் இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். ஐம்பது கிலோ இருந்தவள் சில வாரங்களில் இரண்டரை கிலோவுக்கு மேல் இழப்பாள். 'ஜேன் அயர்' எழுதிய ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டி 1855இல் கருவுற்றிருந்தபோதே இறந்ததற்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று கருதுபவர்கள் உண்டு. ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றும் முறை பரவாத காலத்தில் இது உயிரைக் குடிக்கும் நோயாகவே இருந்தது.

குற்றம் சுமந்த பெண்கள்

காரணம் தெரியாத நோய்க்கு நோயாளியையே காரணமாக்குவது மருத்துவத்தின் பழைய பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், ஓயாமல் வாந்தி எடுக்கும் பெண் உள்ளூரக் குழந்தையை வேண்டாம் என்று நினைக்கிறாள், கணவனை வெறுக்கிறாள் என்றெல்லாம் மருத்துவ நூல்களே எழுதின. அப்படிப்பட்ட பெண்களை உறவினர் பார்க்கவிடாமல் தனியறையில் வைத்த மருத்துவமனைகளும் இருந்தன.

அந்த எண்ணத்தின் மிச்சம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. அமெரிக்க மரபணு ஆய்வாளர் மார்லீனா ஃபெய்ஸோ 1999இல் கருவுற்றிருந்தபோது மிகை மசக்கையால் எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்றே மருத்துவர் எண்ணினார். பதினைந்தாவது வாரத்தில் அந்தக் குழந்தையை ஃபெய்ஸோ இழந்தார். அதன்பின் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே கொடுத்தார்.

அதுவரை ஆய்வாளர்களின் சந்தேகம் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் மீதே இருந்தது. சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். மசக்கை உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் அதன் அளவும் உச்சத்தில் இருக்கும். ஆனால் ஒரே காலத்தில் இரண்டு கூடுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், தைராய்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் கணக்கு நேர் ஆகவில்லை.

புரதம் பிடிபட்டது

2018இல் ஃபெய்ஸோவின் குழு பல்லாயிரம் பெண்களின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டது. மிகை மசக்கை வந்தவர்களையும் வராதவர்களையும் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய மரபணு ஒன்று கிடைத்தது. அது உண்டாக்கும் புரதத்தின் பெயர் ஜி.டி.எஃப்.15.

இது கர்ப்பத்துக்கு மட்டும் உரிய பொருள் இல்லை. ஆண், பெண் எல்லோருடைய உடலிலும் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கிறது. செல்கள் நோயாலோ நஞ்சாலோ பாதிக்கப்படும்போது அளவு கூடுகிறது. புற்றுநோயாளிகள் பலர் பசியிழந்து மெலிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இந்தப் புரதத்தை உணரும் ஏற்பி எங்கே இருக்கிறது என்பதை 2017இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அது பின்மூளையில், வாந்தியைக் கட்டுப்படுத்தும் பகுதியில் மட்டுமே இருக்கிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எதுவும் எளிதில் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டு. பின்மூளையின் இந்தச் சிறு பகுதியில் அந்தத் தடுப்பு தளர்வாக இருக்கிறது. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் உடனே அறிந்து வெளியே தள்ளச் சொல்வது இதன் வேலை. உடலின் காவல் சாவடி என்றே இதைச் சொல்லலாம்.

கர்ப்ப காலத்தில் ஜி.டி.எஃப்.15 ரத்தத்தில் மிக அதிகமாக ஏறுகிறது. அது தாயின் உடலில் சுரப்பதா, கருவும் நஞ்சுக்கொடியும் அனுப்புவதா? 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஃபெய்ஸோவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஓராஹிலியும் அதில் முன்னின்றார்கள். தாயின் புரதத்துக்கும் குழந்தையின் புரதத்துக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்த கர்ப்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தை வைத்துத் தாயின் ரத்தத்தில் யாருடைய புரதம் எவ்வளவு என்று பிரித்து அளந்தார்கள். ஏறத்தாழ முழுவதும் கருவின் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

ஆகவே மசக்கை என்பது பெண்ணின் மனம் செய்யும் வேலை அல்ல. கருவோடு சேர்ந்து வளரும் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அவள் ரத்தத்தில் கலக்கிறது, அவள் பின்மூளை அதை நஞ்சின் அடையாளமாக எடுத்துக்கொண்டு ஓங்கரிக்கச் சொல்கிறது.

அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு ஏன்?

ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவுக்கு இரண்டு நாள் வாய்க்கசப்போடு போய்விடுகிறது, தங்கை இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். கரு அனுப்பும் புரதத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவது ஒரு காரணம். அதைவிட வியப்பான காரணம் இன்னொன்று. கருவுறுவதற்கு முன் அந்தப் பெண்ணின் உடலில் இதே புரதம் எவ்வளவு இருந்தது என்பதே அது. முன்பே அதிகம் இருந்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது, பிறகு கருவிலிருந்து வரும் வெள்ளம் பெரிதாகத் தாக்குவதில்லை. முன்பு குறைவாக இருந்தவளுக்கு அதே வெள்ளம் பேரதிர்ச்சி.

இதற்கான மிக அழகான சான்றுகளில் ஒன்று இலங்கையிலிருந்து கிடைத்தது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவர்களின் உடலில் ஜி.டி.எஃப்.15 ஆயுள் முழுவதும் மிக உயர்ந்த அளவில் இருக்கும். கணிப்பு சரியென்றால் அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இலங்கையில் தலசீமியா உள்ள தாய்மார்களையும் அதே வயதுள்ள மற்றத் தாய்மார்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மசக்கை இருந்தது. தலசீமியா உள்ளவர்களில் அநேகமாக யாருக்குமே இல்லை. எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். ஆனால் எலிகளிடம் செய்த சோதனையும் இதையே காட்டியது. முன்கூட்டியே சிறிதளவு கொடுத்துப் பழக்கிய எலிகள், பிறகு பெரிய அளவு கொடுத்தபோதும் உணவை அவ்வளவாக ஒதுக்கவில்லை.

மரபும் இதில் பேசுகிறது. ஏறத்தாழ 1,500 பெண்களில் ஒருவரிடம் இருக்கும் ஓர் அரிய மரபணு மாற்றம் மிகை மசக்கை வரும் வாய்ப்பைப் பத்து மடங்குக்கும் மேல் கூட்டுகிறது. அந்த மாற்றம் உள்ளவர்களிடம் சாதாரண நாட்களில் ஜி.டி.எஃப்.15 குறைவு. அம்மாவுக்குக் கடுமையாக இருந்திருந்தால் மகளுக்கும் வரக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. எனவே பெண்ணின் தாயிடம், அக்காவிடம் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டு வைப்பது பயன் தரும். அதை வைத்து அவளை எடைபோடக் கூடாது. நடவுக்குப் போய் வந்த மாமியாரின் உடல் பழகிய உடல், மருமகளின் உடல் பழகாத உடல். இருவரில் யாரும் மற்றவரைவிட உறுதியானவர் அல்ல.

கருவுறுவதற்கு முன்பே இந்தப் புரதத்துக்கு உடலைப் பழக்க முடியுமா, கருவுற்ற பின் அதன் ஏற்பியைத் தடுக்க முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

வாந்தி வந்தால்தான் நல்லதா?

மசக்கை எதற்காக? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஃபிளாக்ஸ்மனும் பால் ஷெர்மனும் 2000இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் கெட்டுப்போகக்கூடிய உணவையும் நச்சுள்ள உணவையும் தாய் தொடாமல் காப்பதே அதன் பயன் என்றார்கள். பெண்கள் அதிகம் வெறுப்பது இறைச்சி, மீன், முட்டை, கடுமையான சுவையுள்ள காய்கள். ஐஸ் பெட்டி இல்லாத உலகில் கிருமி சீக்கிரம் தொற்றுவதும் மீனிலும் இறைச்சியிலும்தான். 27 பாரம்பரியச் சமூகங்களை அவர்கள் ஒப்பிட்டபோது மசக்கையே இல்லை என்று பதிவான 7 சமூகங்களில் விலங்குணவு பிரதான உணவாக இருப்பது குறைவாக இருந்தது. காரைக்கால் கரையில் ஒரு பெண்ணுக்கு முதலில் மீன் ஆகாமல் போவதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்து.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. முன்பு ஒருமுறையோ இருமுறையோ கரு கலைந்த பெண்களிடம், குமட்டல் இருந்தவர்களுக்கு மறுபடி கரு கலையும் வாய்ப்பு 50 முதல் 75 சதவீதம் குறைவாக இருந்தது. நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். இதை வைத்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வந்துவிடக் கூடாது. குமட்டலே இல்லாத ஏராளமான பெண்கள் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள், அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதேபோல, லேசான மசக்கை நல்ல அடையாளம் என்பதால் கடும் வாந்தியை அப்படியே விடலாம் என்றும் ஆகாது. நீர் வற்றுவதாலும் பட்டினியாலும் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை.

வாந்தி அதிகம் என்றால் பெண் குழந்தை என்று சொல்வதும் உண்டு. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு வாந்தி உள்ளவர்களிடம் பெண் குழந்தைகளின் விகிதம் சற்றே கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது, ஒரு பெண்ணின் விஷயத்தில் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த யூகத்தால் அவளுக்குக் கிடைக்கும் கவனிப்பு ஒரு துளி குறைந்தாலும் அது அநியாயம்.

மாங்காயும் மண்ணும்

காரைக்காலில் மாம்பழம் வெறும் பழம் இல்லை. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினைவூட்டும் விழா அது. அந்தக் கனியைப் பிடித்துச் சாப்பிட்டால் குழந்தைப் பேறு கிட்டும் என்ற நம்பிக்கையில் வருபவர்கள் ஏராளம். அந்தப் பேறு கிட்டிய வீட்டில் அடுத்துத் தேடுவது புளிப்பு மாங்காய். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் கர்ப்பிணிக்குப் புளிப்பும் உப்பும் வாய்க்கசப்பை மாற்றிக் கொடுக்கின்றன. அளவோடு சாப்பிட்டால் தடையில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியது மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி ஆகியவற்றின் மேல் வரும் ஆசை. இது நம்மிடம் மிகப் பழையது. புறநானூற்றின் 20ஆம் பாடலில் சேர மன்னனைப் புகழும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, மசக்கையுற்ற பெண்கள் விரும்பி உண்டால்தான் உண்டு என்று பொருள்படப் பாடியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மருத்துவக் குறிப்பு என்றே அதைக் கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் பச்சரிசி மெல்வதைப் பற்றித் தனியாக ஆய்வு நடத்தி 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள் கெய்ட்லின் பிளாசெக், எட்வர்டு ஹேகன் என்ற மானுடவியலாளர்கள். இந்த ஆசை இரும்புச் சத்துக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது. இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உண்டு என்பது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவு. எனவே அரிசியோ மண்ணோ தின்னும் பெண்ணைத் திட்டாமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மண்ணில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்தென்றால் ஏன் பயம்?

கர்ப்பத்தில் மருந்தே கூடாது என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்று பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். கருவின் மேல் அதன் விளைவை யாரும் ஒழுங்காகச் சோதித்திருக்கவில்லை. கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மருந்து அனுமதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்செஸ் கெல்சி, சான்று போதாது என்று சொல்லி விற்பனை அனுமதியைக் கொடுக்க மறுத்ததால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. இன்று புதிய மருந்துகளை இவ்வளவு கடுமையாகச் சோதிப்பதற்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையும் ஒரு காரணம்.

அதே பயம் நல்ல மருந்து ஒன்றையும் அடித்தது. டாக்ஸிலமின் என்ற மருந்தும் பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் பி6உம் சேர்ந்த மாத்திரை அமெரிக்காவில் 1956 முதல் விற்பனையில் இருந்தது. பல லட்சம் பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். குறையுள்ள குழந்தைகள் பிறந்ததற்கு அதுவே காரணம் என்று வழக்குகள் குவிந்தன. செலவு தாங்காமல் 1983இல் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. அதன்பின் நடந்தது முக்கியம்: பிறவிக் குறைகளின் விகிதம் குறையவில்லை, வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. மருந்து குற்றமற்றது என்பதைத் திரும்பத் திரும்ப ஆய்வுகள் காட்டின. 2013இல் அமெரிக்கா அதே கூட்டு மருந்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. இந்தியாவில் இது மருத்துவர்கள் அன்றாடம் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. வைட்டமின் பி6 மட்டும் கொடுத்தும் பலருக்குக் குமட்டல் தணிகிறது. மெட்டோகுளோபிரமைடு, ஒண்டான்செட்ரான் போன்றவை அடுத்த கட்டத்துக்கு உரியவை. முதல் மூன்று மாதத்தில் ஒண்டான்செட்ரான் எடுத்தவர்களிடம் பத்தாயிரம் பிரசவத்துக்குக் கூடுதலாக மூன்று குழந்தைகள் அளவுக்கு உதட்டு, அண்ணப் பிளவு காணப்பட்டது என்கிறது 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. அந்தச் சிறு ஆபத்தையும் வாந்தியின் கடுமையையும் எடைபோட்டு மருத்துவர் முடிவு செய்வார். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், நிறைந்த வயிறும் கூட்டும். கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் இரைப்பையின் அசைவை மெதுவாக்குவதால் மூன்று வேளைச் சாப்பாடு ஒத்துவராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும். படுக்கை அருகே ஒரு டப்பாவில் பொரி, ரஸ்க், பொட்டுக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் இரண்டு வாய் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். சுண்டல், வேர்க்கடலை, தயிர் போன்ற புரத உணவு வெறும் சோற்றைவிட நன்றாகக் குமட்டலைத் தணிக்கும் என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணெயில் பொரித்தது வயிற்றில் நெடுநேரம் தங்கும், தவிர்ப்பது நல்லது.

சூடான உணவிலிருந்துதான் வாசனை அதிகம் எழும். ஆறிய தயிர்சாதம், எலுமிச்சை சாதம், மோர் ஆகியவற்றைச் சமாளிக்க முடியும். கர்ப்பிணியின் மூக்கு கூர்மையாகிவிட்டதா என்று அளந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் முன்பு தாங்கிய வாசனையை இப்போது தாங்க முடியாமல் போகிறது என்பதில் கர்ப்பிணிகள் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஆகவே முதல் மூன்று மாதம் மீன் ஆய்வதும் தாளிப்பதும் வேறொருவர் வேலையாகட்டும். கணவர் செய்யலாம், மாமனார் செய்யலாம். இதைவிட மலிவான சிகிச்சை இல்லை. மீன் பிடிக்காமல் போனால் கட்டாயப்படுத்த வேண்டாம். மசக்கை தணிந்ததும் நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களுக்குத் திரும்பலாம், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு அவற்றில் இருக்கிறது. பப்பாளி, அன்னாசி, சூடு, குளிர்ச்சி என்று ஏற்கெனவே ஒதுக்கிய பட்டியலோடு மசக்கை ஒதுக்குவதும் சேர்ந்தால் தட்டில் எதுவுமே மிஞ்சாது. இந்த வாரங்களில் எது தங்குகிறதோ அதைச் சாப்பிட விடுங்கள்.

இஞ்சிக்கு ஆய்வுச் சான்று உண்டு. தாய்லாந்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 1 கிராம் இஞ்சித்தூளைப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல் தெளிவாகக் குறைந்தது. ஏறத்தாழ அரை டீஸ்பூன் சுக்குத்தூள் அது. சுக்கு மல்லி காபியாகவோ இஞ்சி மரப்பாவாகவோ எடுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளைகளில் மடக்கு மடக்காகக் குடியுங்கள். கோடையில் உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் கைவசம் இருக்கட்டும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் அமிலம் பட்ட எனாமல் தேயும். ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் போதும், இரும்பு மாத்திரை வழக்கமாக நான்காவது மாதத்தில்தான் தொடங்கும். அது வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் சுகாதார நிலையத்தில் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் கருவுற்றிருக்கும் இஸ்லாமியப் பெண்கள் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ள மார்க்கமே இடம் கொடுக்கிறது என்பதையும் வீட்டார் நினைவில் வைக்க வேண்டும்.

எப்போது ஜி.ஹெச். போக வேண்டும்?

எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை அல்லது அது அடர் மஞ்சளாகப் போகிறது. 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. எழுந்தால் கண் இருட்டுகிறது. எடை இறங்குகிறது. வாந்தியில் ரத்தம் வருகிறது. காய்ச்சலோ வயிற்றுவலியோ இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. காரைக்கால் மாவட்டத்தின் பரப்பே ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான், எந்த மூலையிலிருந்தும் அரசுப் பொது மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஸ்கேன் எடுத்து, இரட்டைக் குழந்தையா, கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் வாந்தி கடுமையாக இருக்கும். ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வாந்தி தொடங்கினால் சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை போன்ற வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

"குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்" என்பது ஊர்ப் பேச்சு. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வாரக் கணக்கில் சாப்பிடாதவளின் உடலில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். தீட்டிய வெள்ளை அரிசியே பிரதான உணவாக இருக்கும் டெல்டாவில் அதன் கையிருப்பு ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அதனால் முதலில் உப்பு நீரும் பி1உம் கொடுத்து, பொட்டாசியத்தைச் சரிபார்த்துச் செய்வதே முறை. தெருமுனையில் கிடைக்கும் பாட்டிலை நம்பாமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

தலைச்சன் கர்ப்பத்தில் தாய்வீடு போவது நம் வழக்கம். காரைக்கால் பெண்ணின் தாய்வீடு நாகூரிலோ பொறையாரிலோ இருந்தால் சில கிலோமீட்டரில் மாநிலமே மாறிவிடும், பதிவேடும் திட்டங்களும் மாறிவிடும். தாய் சேய் நல அட்டையையும் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கருவுற்றது தெரிந்ததுமே ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

பெண் வாந்தி எடுக்கிறாள் என்றால் அவள் பலவீனமானவள் என்றோ, நடிக்கிறாள் என்றோ, இதெல்லாம் சகஜம் என்றோ சொல்ல இனி யாருக்கும் அறிவியல் துணை நிற்காது. அவள் சொல்வதை நம்புங்கள். எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை சிறுநீர் என்று வீட்டில் ஒருவர் எண்ணுங்கள். அடுப்படியை மூன்று மாதம் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் தயங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.